பெட்டியிலிருந்து ரோபோ வரை: சத்திரசிகிச்சைப் பயிற்சியறையை அமைத்து நடத்தும் முறை

யாழ்ப்பாணத்தில் ஒரு சத்திரசிகிச்சைப் பிரிவுக்குப் பயிற்சியறை அமைக்கப் பணம் கிடைத்தால், எந்தச் சிமுலேட்டரை, அதாவது அறுவையைப் போலச் செய்து பழகும் எந்தக் கருவியை, வாங்கலாம் என்ற பேச்சே முதலில் எழும். அந்தப் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, சிறு துளைகள் வழியாகக் கமராவையும் கருவிகளையும் செலுத்திச் செய்யும் லப்ரஸ்கோபிச் சத்திரசிகிச்சையில், பயிலும் வைத்தியர் எந்த அளவை எட்டிய பின்னர் நோயாளியின் வயிற்றுக்குள் கருவி செலுத்தலாம் என்பதை எழுத்தில் வரையறுத்துக்கொள்ளுங்கள். 2002இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் பங்கேற்ற 16 பயிலும் வைத்தியர்களுள் ஒரு பகுதியினர் கணினிச் சிமுலேட்டரில் பழகினார்கள். இத்தனை மணிநேரம் என்ற கணக்கு அவர்களுக்கு வைக்கப்படவில்லை. அனுபவமுள்ள நிபுணர்களின் அளவை எட்டும்வரை பழகினார்கள். பின்னர் உண்மையான நோயாளிகளில் பித்தப்பையைப் பிரித்தெடுத்தபோது அவர்கள் 29 வீதம் விரைவாகச் செய்தார்கள். பழகாதவர்களின் தவறுகளோ ஏறத்தாழ ஆறு மடங்காக இருந்தன.

தொடக்கத்துக்கு ஒரு பெட்டி போதும். மூடியுள்ள, ஒளி புகாத பிளாஸ்ரிக் பெட்டியொன்றின் மூடியில் இரண்டு துளைகள் இட்டு, பழைய சைக்கிள் ரியூப் துண்டுகளை அவற்றின்மேல் ஒட்டி, நடுவே சிறு கீறல் போட்டு, கருவிகள் நுழையும் வழியான 5 மில்லிமீற்றர் ட்ரோகார் குழாய்களைச் செருகலாம். இரு கருவிகளின் நுனிகளும் சந்திக்குமிடத்தில் ஏறத்தாழ 60 பாகைக் கோணம் அமையுமாறும், ஒவ்வொரு கருவியின் நீளத்திலும் பாதி உள்ளே, பாதி வெளியே இருக்குமாறும் துளைகளின் இடத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். பாதிக்குப் பாதி இருந்தால்தான் கை நகரும் தூரமும் நுனி நகரும் தூரமும் ஒத்துவரும். கை இடப்புறம் போனால் நுனி வலப்புறம் போகும் என்பது எல்லோரும் அறிந்ததே. எனினும் அறிந்த மாத்திரத்தில் கை அதற்குப் பழகிவிடுவதில்லை. பெட்டிப் பயிற்சியின் முதற்பயன் இந்தத் தலைகீழ் அசைவு கைக்கு இயல்பாவதுதான்.

இரு துளைகளுக்கும் நடுவே, மூடியில் இன்னொரு திறப்பு வைத்து, அதன்மேல் கைத்தொலைபேசியின் கமராவைக் கீழ்நோக்கிப் பொருத்தி, படத்தைக் கேபிள் வழியாகத் திரைக்குக் கொண்டுவாருங்கள். கேபிளின்றி அனுப்பினால் படம் கைக்குப் பின்னே இழுபட்டு வரும். அதற்குப் பழகிய கை, சத்திரசிகிச்சைக் கூடத்தில் தேவையில்லாமல் தயங்கும். கருவி உள்ளே நுழையும் ஒவ்வொரு தடவையும் கமரா தானாகவே குவியத்தை மாற்ற முயன்று படத்தை மங்கலாக்குவதால், பெட்டிக்குள் வைக்கும் பயிற்சிப் பலகையின் தளத்தில் குவியத்தைப் பூட்டிவிட வேண்டும். கருவியின் கைபிடி முழங்கை மட்டத்திலும், திரை நேர் எதிரே கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழேயும் இருக்கட்டும். தோளை உயர்த்திக்கொண்டு பழகியவருக்கு அந்தப் பழக்கம் எளிதில் போகாது. உள்விளக்கு மின்கலத்தில் எரிவதாக இருந்தால் மின்வெட்டு நேரத்திலும் தொலைபேசித் திரையைப் பார்த்தே பழகலாம்.

பயிற்சிகளைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் லப்ரஸ்கோபி அடிப்படைத் திறன் தேர்வாக நடத்தப்படும் ஐந்து பணிகளையே எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, ஆறு வளையங்களை ஒரு கருவியால் எடுத்து, அந்தரத்தில் மற்றக் கருவிக்கு மாற்றி, எதிர்ப்பக்க முளைகளில் இட்டு, பின்னர் திருப்பிக் கொண்டுவருவது. இதற்கு வெளியிடப்பட்டுள்ள தேர்ச்சி அளவு 48 செக்கன். வளையம் எதுவும் பார்வைக்கு வெளியே விழக்கூடாது. அந்த அளவை ஒருமுறை தொட்டவுடன் தேறியதாகக் கொள்ளாமல், அடுத்தடுத்து இரண்டு தடவையும் மேலும் பத்துத் தடவையும் எட்ட வேண்டும் என வைப்பார்கள். உள்ளேயே முடிச்சிடும் பணிக்குரிய அளவு 112 செக்கன். இந்த ஒரு பணிக்கே அதிக நேரம் ஒதுக்குங்கள், ஏனெனில் ஊசியைச் சரியான கோணத்தில் பிடிப்பது, நூலின் குட்டை முனையைக் கண்ணிலிருந்து நழுவவிடாமல் வைத்திருப்பது, முடிச்சு இறுகும்போது திசுவைக் கிழிக்காமல் இழுப்பது ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் இதில் சோதிக்கப்படுகின்றன.

அடுத்த படி, உண்மையான திசு. இறைச்சிக் கடையில் சொல்லிவைத்தால் கழுவிய ஆட்டுக்குடல் கிடைக்கும். குடல் இணைப்புப் பழக அது நல்லது. இணைத்து முடித்ததும் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையால் நிறமூட்டிய நீரைச் செலுத்திப் பார்த்தால், எந்தத் தையல் இடைவெளியில் கசிகிறது என்பது உடனே தெரிந்துவிடும். மென்மையாகக் கையாளப் பழக, நம்மூர்த் திராட்சையைவிட மலிவான பொருள் வேறில்லை: சதை கிழியாமல் தோலை மட்டும் உரிக்கச் சொல்லுங்கள். திசுவைத் தொட்ட கருவிகளையும் ட்ரோகார்களையும் நிறமிட்டு அடையாளப்படுத்தி, சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு ஒருபோதும் திரும்பாதபடி தனியே பூட்டிவைக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை முழுவதையும் இதற்கென ஒதுக்கிப் பட்டறை நடத்தும் வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ரொறன்ரோவில் 38 பயிலும் வைத்தியர்களிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு பாடங்களை ஒரே நாளில் கற்றவர்களைவிட, வாரம் ஒன்றாகக் கற்றவர்களே ஒரு மாதம் கழித்துச் சிறப்பாகத் தைத்தார்கள். எனவே அறையை விடுதிக்கு அருகில் வைத்து, இரவுக் கடமைக்கு முன் அரைமணி நேரம் வந்துபோகக்கூடியதாக ஆக்குங்கள். கமராவில் பதிவாவது கருவி நுனிகள் மட்டுமே என்பதால், பெயர் தெரியாமலேயே மூத்த நிபுணர் பின்னர் பார்த்துப் புள்ளியிடலாம். தெரிந்தவர் என்ற தயவும் பகையும் இதில் குறையும்.

கணினிச் சிமுலேட்டரின் தனிப்பயன், நுனி பயணித்த தூரம், கருவிகள் மோதிய தடவை, கருவி பார்வைக்கு வெளியே இருந்த நேரம் ஆகியவற்றைத் தானே கணக்கிடுவதாகும். பெட்டியில் தேறியவருக்கே இந்தக் கணக்குகள் பயன்படும்.

ரோபோவுக்குச் செல்பவர் முதலில் மறக்க வேண்டியது, கையால் உணரும் இழுவிசையை. 2000இல் அமெரிக்க அனுமதி பெற்ற டாவின்சி ரோபோ இயந்திரத்தை, வைத்தியர் தனியே ஓர் இயக்குமேசையில் அமர்ந்து இயக்குவார்; அதில் கருவி நுனி மணிக்கட்டுப்போல் வளையும், நடுக்கம் வடிகட்டப்படும், அசைவு சுருக்கப்படும். ஆனால் 2024இல் அனுமதி பெற்ற ஐந்தாம் தலைமுறைக்கு முன்பு, நூல் எவ்வளவு இறுகியுள்ளது என்பது விரலுக்குத் தெரியாது. ஆகவே பெட்டிப் பயிற்சியிலேயே மெல்லிய நூலைக் கட்டச் சொல்லி, திசு வெளிறுவதையும் நூல் நேராவதையும் கண்ணால் அளக்கப் பழக்கலாம். அதன்பின் வரிசை இதுவாக இருக்கட்டும்: இயந்திரச் சிமுலேட்டர், நோயாளி அருகே நின்று கருவி மாற்றும் உதவியாளர் பணி, அதன் பிறகு ஆசிரியரும் மாணவரும் ஒருசேர அமரும் இரட்டை இயக்குமேசையில் அறுவையின் ஒவ்வொரு பகுதி. உதவியாளர் பணியைத் தாண்டிச்செல்ல விரும்புபவர்கள் பலர், விடாதீர்கள்.

இயக்குமேசையில் அமர்பவர் நோயாளிக்குச் சில அடி தள்ளி இருப்பதால், குருதிப்பெருக்கு ஏற்படும்போது கருவிகளை அகற்றி, ரோபோவின் கைகளைக் கழற்றி, இயந்திரத்தைப் பின்னே தள்ளுவது முழுக் குழுவின் வேலையாகிறது. தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து ஒலிக்கும் நம் சத்திரசிகிச்சைக் கூடங்களில், இதற்கான ஆணைச் சொற்களை முன்கூட்டியே முடிவுசெய்து சுவரில் ஒட்ட வேண்டும். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்திருக்கையில், இந்தச் சில ஆணைகளைத் தமிழில் வைப்பது பெரிய காரியமன்று. பொம்மை நோயாளியைக் கிடத்தி, முன்னறிவிப்பின்றி, தாதியர், மயக்கமருந்து வைத்தியர் உட்பட எல்லோரும் நிற்கையில் இந்த ஒத்திகையை நடத்தி, ஆணை பிறந்ததிலிருந்து வயிற்றைத் திறக்கத் தயாராகும்வரை ஆகும் நேரத்தைக் குறித்துவையுங்கள். குழுவில் புதியவர் ஒருவர் சேரும்போதெல்லாம் மீண்டும் நடத்துங்கள்.