பாரிசவாதத்துக்குப் பின் இளையவர் ஒருவர் சொந்தக் காலில் நிற்க வீட்டார் செய்ய வேண்டியவை

பாரிசவாதம் முதியவர்களுக்கு மட்டுமே வரும் என்று பலரும் எண்ணுகிறார்கள். முப்பது வயதிலும் மூளையின் இரத்தக்குழாய் அடைபடலாம் அல்லது வெடிக்கலாம். அவ்வாறு பாதிக்கப்பட்ட மகனோ மருமகளோ திருகோணமலையில் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பியதும், முகம் கழுவி விடுவது முதல் சோறு ஊட்டுவது வரை அனைத்தையும் வீட்டாரே செய்து கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பாசத்தைக் குறை சொல்ல முடியாது. ஆயினும், ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பதன் மூலமே மூளை அதை மீண்டும் பழகிக்கொள்கிறது என்பதால், அவர் பொத்தானைப் பூட்ட எவ்வளவு நேரம் எடுத்தாலும் கை நீட்டாமல் அருகில் இருங்கள். முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாகத் தெரியும். அதன் பின்னரும் அது தொடரும்.

எழுப்பும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தசை தளர்ந்திருப்பதால் தோள்மூட்டு நழுவி, நெடுநாள் வலியாகிவிடும். முதுகையும் இடுப்பையும் தாங்கி எழுப்புங்கள். நடக்கும்போது பலவீனமான பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள். கைத்தடி நல்ல கையில் இருக்கட்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். கால் இழுபடும் நிலையில் டச்சு விரிகுடாவின் மணலில் நடக்கவிடாமல், உட்துறைமுக வீதி போன்ற சமதளத்தில், வெயில் ஏறுமுன் நடக்கப் பழக்குங்கள்.

உடுப்பு அணியும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதுவே கடைசியாக வெளிவர வேண்டும். சாரத்தை ஒற்றைக் கையால் இறுக்கிக் கட்டுவது கடினம். இடுப்பில் இலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுத்தால், மலசலகூடத்துக்குத் தனியே போய்வரும் துணிவு வரும். அங்கே சுவரில் ஒரு கைப்பிடியும், குந்த முடியாதவருக்குக் கொமட் கதிரையும் வேண்டும். உணர்ச்சி மரத்த கைக்குச் சூடு தெரியாது என்பதால், குளிக்கும் நீரையோ கன்னியா வெந்நீரூற்று நீரையோ நல்ல கையால் தொட்டுப் பார்த்த பின்னரே ஊற்றிக்கொள்ளப் பழக்குங்கள்.

வலக்கை செயலிழந்தவருக்குச் சாப்பாட்டு வேளை மிகவும் சங்கடமானது. இடக்கையால் உண்பதற்கும், கோயிலில் இடக்கையை நீட்டித் திருநீறு வாங்குவதற்கும் கூசியே பலர் வெளியே போவதை நிறுத்திவிடுகிறார்கள். வீட்டுப் பெரியவர் ஒருவர் உறவினர்முன் "அவன் இடக்கையால் சாப்பிடட்டும்" என்று ஒருமுறை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், அந்தக் கூச்சம் பெரிதும் குறையும். கோப்பை வழுக்காமலிருக்க அதன் கீழே ஈரத்துணி ஒன்றை விரித்து, பிட்டையும் சோற்றையும் கரண்டியால் உண்ணக் கொடுங்கள். விழுங்கும்போது புரையேறினாலோ, தொண்டையில் நீர் நிற்பதுபோல் குரல் ஈரமாக ஒலித்தாலோ, வாயால் எதுவும் கொடுப்பதை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.

மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்படும்போது வலப்பக்கம் செயலிழப்பதோடு பேச்சும் தடைப்படக்கூடும். சொல் வராவிட்டாலும் அறிவு போய்விடவில்லை. ஆகவே, அவரைக் குழந்தையாக்கி, அவர் முன்னிலையிலேயே அவரைப் பற்றி மற்றவரிடம் கதைக்காதீர்கள். ஆம், இல்லை என்று விடை சொல்லக்கூடிய கேள்விகளாகக் கேளுங்கள். வானொலியை நிறுத்திவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.

காரணமின்றி அழுவதும், திடீரெனச் சினப்பதும், சிறு வேலைக்கே களைத்துப்போவதும் நோயின் விளைவாக இருக்கலாம். "சோம்பேறி" என்ற சொல் அங்கே மிகவும் புண்படுத்தும். பல வாரம் மனம் சோர்ந்தே இருந்தால் அதற்கும் மருந்துண்டு; கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள்.

இரத்த அழுத்தம் குறைந்துவிட்டது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. நாட்டு வைத்திய எண்ணெய் பூச விரும்பினால் மெதுவாகத் தடவலாம். ஆனால் அதை நம்பி மாத்திரைகளை விடாதீர்கள். கருவாட்டையும் ஊறுகாயையும் குறைத்து, புகைப்பதை அறவே விட வேண்டும். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்கள் அதுபற்றி வைத்தியரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். முகம் கோணுதல், கை தொய்தல், பேச்சுக் குழறுதல் மீண்டும் தோன்றினால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்து பொருந்துவோருக்கு, அறிகுறி தொடங்கி நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட வேண்டியது.

வருமானம் இளையவர்களுக்குப் பெரும் கவலை. கடைக் கணக்கு, தொலைபேசிப் பதிவு, வலை பின்னும் வேலையில் ஒரு பகுதி என இயன்றதிலிருந்து, அரை நாளாகத் தொடங்கலாம். பாரிசவாதத்தின் பின் வலிப்பு வரக்கூடும் என்பதால், வைத்தியர் அனுமதிக்கும்வரை தனியே வள்ளத்தில் கடலுக்குப் போவதும் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும் கூடாது. சம்பாதிக்கும் பணம் அவர் கையிலேயே இருக்கட்டும். சக்கர நாற்காலி, வாழ்வாதார உதவி ஆகியவற்றுக்குப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். செல்லும்போது வைத்திய அறிக்கையின் பிரதியோடு பாதிக்கப்பட்டவரையும் அழைத்துச் சென்று, அவரையே பேச விடுங்கள்.