மணலிலும் நிற்கும் தூக்குச் சட்டகம்

திருகோணமலை உட்துறைமுக வீதியில் இருக்கும் என் பட்டறைக்குத் தகரக் கூரை. அதில் செயின் புளொக்கை, அதாவது சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கருவியைக் கட்டினால் எஞ்சின் ஏறுமுன் கூரை இறங்கிவிடும். போதாக்குறைக்குப் பாதி வேலை திருக்கடலூர்க் கரையில், வள்ளத்தின் பக்கத்திலேயே நடக்கிறது. ஆகவே கழற்றி லேண்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) பெட்டியில் ஏற்றக்கூடிய சட்டகம் ஒன்றைச் செய்துகொண்டேன். 500 கிலோ வரை தூக்கும்.

குறுக்கே 4 அங்குல உயரமுள்ள ஐ வடிவ இரும்பு. கால்களுக்கிடையே 8 அடி. அதைப் 10 அடியாக்க ஆசைப்படாதீர்கள். அதே பாரத்துக்கு வளைவு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும்.

கால்களுக்கு 2 அங்குல ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), தடித்த வகை. ஒவ்வொரு பக்கமும் கவட்டைபோல, அடியில் 4 அடி விரிவு. கால்கள் அகலாமல் கீழே ஒரு குறுக்குப் பைப். வெல்டிங்கால் ஒட்டும் இடத்தில் துத்தநாகப் பூச்சை முதலில் அராவி எடுத்துவிடுங்கள். நான் எடுக்காமல் ஒட்டி, அந்தப் புகையால் இரவு குளிர்காய்ச்சலில் நடுங்கினேன். வீட்டில் டெங்கு என்று பயந்துபோனார்கள்.

பலர் விட்டுவிடுவது மூலைத் தாங்கியை. காலுக்கும் குறுக்கு இரும்புக்கும் இடையே 45 பாகையில் ஒன்றரை அடித் துண்டு ஒன்று வேண்டும். பாரம் நேரே கீழே இழுக்கும்வரை எல்லாச் சட்டகமும் நல்ல பிள்ளைதான். சங்கிலியை ஒருவர் சாய்த்து இழுக்கும்போதுதான் அதன் குணம் தெரியும். இணைப்புகளுக்கு 16 மி.மீ. போல்ட், தலையில் 8.8 என்ற வலிமைக் குறி பொறித்தது.

சீமெந்துத் தரையில் சக்கரம் போதும். ஆனால் பாரம் தொங்கும்போது உருட்டாதீர்கள். மணலுக்குச் சக்கரத்தைக் கழற்றி 8 அங்குலச் சதுரத் தகட்டைப் பூட்டி, அதன் கீழ் பனம்பலகை வைக்கிறேன். முதல் தடவை பலகை வைக்கவில்லை. "அண்ணை, இந்தக் கால் இறங்குகிறது" என்று தம்பி கத்தியபோது எஞ்சின் ஊசலாடத் தொடங்கியிருந்தது. எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியில் வெடிப்பு விழுந்தது. செலவு என் தலையில்.

சோதிக்காமல் எதையும் தூக்க வேண்டாம். குறுக்கு இரும்பின் மேற்பக்கத்தில் முனைக்கு முனை நூல் இழுத்துக் கட்டுங்கள். ஒரு தொன் செயின் புளொக்கில் வலுவான தட்டொன்றைத் தொங்கவிட்டு, அதில் மூன்று வெறும் 200 லீட்டர் பீப்பாய்களைச் சேர்த்துக் கட்டி அரை அடி உயர்த்துங்கள். பிறகு எட்ட நின்று, நீண்ட குழாயால் மூன்றையும் சமமாக நிரப்புங்கள். தண்ணீர் மட்டும் 600 கிலோ, பீப்பாய்களின் எடை வேறு. கீழே ஒருவரும் போகக் கூடாது. பத்து நிமிடம் விட்டு இறக்கிய பின் இரும்பு பழையபடி நூலோடு ஒட்டி நிற்க வேண்டும். இடையில் வளைவு தங்கிவிட்டால் அந்த இரும்பை வேறு வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள். என்னுடையது ஒட்டி நின்றது. அதன் பிறகே அதில் வெள்ளைப் பெயின்ட்டால் "500 கிலோ" என்று எழுதினேன்.