வாத்துக் கதைகளை எங்கே தொடங்குவது?

டொனால்ட் டக், அங்கிள் ஸ்க்ரூஜ் என்ற டிஸ்னி வாத்துகளின் படக்கதை மறுபதிப்பைப் பிள்ளைக்கு வாங்கப் போகிறீர்களா? வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் தனிக்கதைகள்தான். கார்ல் பார்க்ஸ் வரைந்ததா என்று மட்டும் பாருங்கள். அந்தக் கால இதழ்களில் அவர் பெயரையே போடமாட்டார்கள், வாசகர்கள் அவரை 'நல்ல வாத்து ஓவியர்' என்றே அடையாளம் வைத்திருந்தார்கள். 2011 முதல் ஃபேன்டாகிராஃபிக்ஸ் வெளியிடும் கெட்டி அட்டைத் தொகுப்புகளில் பெயர் அட்டையிலேயே இருக்கிறது.

1949இல் வந்த சதுர முட்டைக் கதையில் தொடங்குங்கள். மூன்று மருமகப் பிள்ளைகளோடு டொனால்ட் ஆண்டிஸ் மலைக்குப் போய்ச் சேரும் ஊரில் எல்லாமே சதுரம், பபிள்கமை உருண்டையாக ஊதினாலே குற்றம்! எனக்கு மிகவும் பிடித்த கதை. அப்புறம், சேர்ந்து படிக்கும்போது அவசரமாகப் பக்கம் திருப்பாதீர்கள், பிள்ளை படத்தின் மூலையில் இருக்கும் கோழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.