19 வயதில் முடிந்த விமானியின் கதையை எழுத உட்காருகிறீர்களா?

போரில் சின்ன வயதிலேயே இறந்துபோன ஒரு போர் விமானியைப் பற்றி எழுதப்போகிறீர்கள் என்றால், பிறப்பிலிருந்து தொடங்காதீர்கள். கல்லறையிலிருந்து தொடங்குங்கள். இரண்டு உலகப்போர்களில் எதிலாவது பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர் என்றால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம், காசு கிடையாது. பதவி, படைப்பிரிவு, இறந்த நாள், அடக்கம் செய்த இடம் எல்லாம் அங்கேயே பெரும்பாலும் கிடைத்துவிடும்.

உதாரணத்துக்கு, முதல் உலகப்போர் விமானி, கல்கத்தாவில் 1898 டிசம்பர் 2 அன்று பிறந்த இந்திரலால் ராய். 40-வது ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு), இறந்தது 1918 ஜூலை 22, பிரான்சில் எஸ்தெவெல் என்ற ஊரின் கல்லறை. கழித்துப் பாருங்கள், 20 வயதுகூட ஆகவில்லை.

அடுத்து லண்டனில் கியூ (Kew) என்ற பகுதியில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகம். முதல் உலகப்போர் விமானப்படை அதிகாரிகளின் பணிப்பதிவுகளை 'ஏர் 76' என்ற வரிசையில் தேடுங்கள். இங்கே ஒரு சிக்கல்: 1918 ஏப்ரல் 1-க்கு முன்னால் அது ராயல் ஃப்ளையிங் கோர், அப்புறம்தான் ராயல் ஏர்ஃபோர்ஸ். ஒரே ஆள் இரண்டு பெயர்களிலும் வருவார், குழம்பாதீர்கள்.

சரி, காலவரிசை. பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான். ராய் 10 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு, அதுவும் ஜூலை 6-லிருந்து 19-க்குள். இந்த மாதிரி வாழ்க்கையை வருடம் வருடமாக எழுதினால் நான்கு வரியில் முடிந்துவிடும், அதனால் கடைசி மாதத்தை நாள் நாளாகப் பிரித்து எழுதுங்கள். அந்தப் பத்தையும் பத்து பேர் செத்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள். பாதி, கட்டுப்பாடு இழந்து கீழே போனதாகப் பதிவானவை, சில இன்னொருவரோடு பங்கு போட்டவை.

பறக்காத மாதங்களையும் விட்டுவிடாதீர்கள். 1917 கடைசியில் ராயின் விமானம் விழுந்து நொறுங்கியது, காயம் ஆறும்வரை தரையில்தான் இருந்தார். அப்போது உட்கார்ந்து விமானங்களாக வரைந்து தள்ளியிருக்கிறார், பல ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. எனக்கென்னவோ பதக்கத்தைவிட அந்தப் படங்களில்தான் அந்தப் பையன் தெரிகிறான்.

கூடவே பறந்தவர்களின் தேதிகளையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். ராயைத் தயார் செய்தவர் அதே ஸ்குவாட்ரனின் ஜார்ஜ் மெக்கெல்ராய். அவர் இறந்தது ஜூலை 31, ராய் போய் ஒன்பதே நாளில்.