பின்காற்றில் ஹோபி 16: வீச்சு வந்தால் எந்தப் பக்கம் திருப்புவது?

ஹோபி 16 இரண்டு ஹல் (உடல்) கொண்ட சிறிய பாய்மரப் படகு. எதிர்காற்றில் வீச்சு (திடீரென வலுக்கும் காற்று) அடித்தால் மெயின்ஷீட்டை (பெரிய பாயின் கயிற்றை) தளர்த்துவோம், இல்லாவிட்டால் காற்றை நோக்கித் திருப்புவோம். பாய் படபடக்கும், படகு அடங்கும். அந்தக் கைப்பழக்கம் பின்காற்றில் ஆகவே ஆகாது. மூக்கு நீரில் குத்தி, பின்பக்கம் தலைக்கு மேலே வரும். காற்றுக்கு முதுகைக் காட்டித் திருப்புங்கள். காற்றோடு சேர்ந்து ஓடினால் படகு உணரும் காற்று குறையும். மெயின்ஷீட்டை முழுக்க விட்டாலும் பலனில்லை. பாய், பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கம்பியில் போய்ச் சாய்ந்து, நிறைந்தபடியே தள்ளிக்கொண்டிருக்கும்.

முன்கம்பிக்குக் கீழே காற்றுக்காட்டி இருக்குமே, அது படகுக்குக் குறுக்காக, 90 டிகிரியில் நிற்கும்படி ஓட்டுங்கள். வீச்சு தொட்டதும் காட்டி ஒரு கணம் பின்னோக்கிப் போகும். அதை நம்பி மேலே (காற்றை நோக்கி) திருப்பினால் தொலைந்தோம். படகு வேகமெடுத்ததும் காட்டி முன்னுக்கு வரும். அது மறுபடி 90-க்கு வரும்வரை படகை இன்னும் கீழே (காற்றை விட்டு விலக்கி) இறக்குங்கள். டில்லரை (சுக்கானைத் திருப்பும் பிடியை) வெடுக்கென்று இழுக்க வேண்டாம். காற்று குறைந்தால், வேகம் சாகுமுன் கொஞ்சம் மேலே ஏறுங்கள்.

நான் ஹெல்ம் (படகை ஓட்டுபவள்), தம்பி குரூ (துணையாள்). பின்னால் தண்ணீரைப் பார்ப்பது அவன் வேலை. வீச்சைக் காட்டும் கருத்த திட்டு நெருங்கினால் "அக்கா, வருது!" என்பான். "பின்னாடி வாடா" என்பேன். படகு 145 கிலோதான்; இரண்டு பேர் எடையும் ஏறத்தாழ அதே அளவு. அதனால் ஒரு அடி நகர்ந்தாலே அணியம் (மூக்கு) எழும்பும். ஜிப் ஷீட் (முன்பாயின் கயிறு) கிளீட்டில் (கயிற்றைப் பூட்டும் பிடியில்) இல்லாமல் அவன் கையிலேயே இருக்கும். காற்று ஒதுங்கும் பக்கத்து ஹல்லின் அணியத்தில் நீர் ஏறினாலோ, என் கையில் டில்லர் திடீரென்று லேசானாலோ (சுக்கான் நீரைவிட்டு எழும்புகிறது என்று பொருள்) முதலில் ஜிப்பை விடுவான்.

ஜைப் (பின்காற்றில் பாயை மறுபக்கம் மாற்றுவது) செய்வது முழு வேகத்தில் மட்டும். மெதுவாக இருக்கும்போது செய்தால் பாய் முழுக்காற்றோடு பாய்ந்து வரும்.

இதெல்லாம் சாதாரண வீச்சுக்கு. சிங்கப்பூரில் விடியற்காலையில் மேற்கே கறுத்த மேக வரிசை தெரிந்தால் அது சுமாத்திரா என்னும் கடும் சூறைக்காற்று. பந்தயத்தை மறந்துவிட்டுக் கரைக்கு வாருங்கள். மெயின் பாய் பாய்மர உச்சியில் கொக்கியில் மாட்டியிருக்கும். ஆடும் படகில் அதைக் கழற்றிப் பாயை இறக்குவது பெரும்பாடு.