சிங்கப்பூரிலிருந்து தாயகம் திரும்புவோர் ஓய்வூதிய உரிமையைக் காத்துக்கொள்ளும் முறை

பணி ஓய்வுக்குப் பின் தமிழ்நாட்டிலேயே குடியேறிவிட எண்ணும் சிங்கப்பூர்த் தமிழர், வீட்டை விற்பதற்கும் வங்கிக் கணக்கை மூடுவதற்கும் முன்பாகத் தம் குடியுரிமையை என்ன செய்யப்போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். ஊதியத்திலிருந்து முதுமைக்காகச் சேர்க்கப்படும் மத்திய சேமநிதியின் (சிபிஎஃப்) போக்கு முழுவதும் அந்த முடிவைப் பொறுத்தே அமைகிறது.

குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ நீடிப்பவர் எந்த நாட்டில் வசித்தாலும், அந்நிதியின் ஆயுள்கால மாதத்தொகைத் திட்டமான சிபிஎஃப் லைஃபில் சேர்ந்திருந்தால் 65 வயது முதல் ஆயுள் முழுவதும் மாதத்தொகை பெறலாம். அதை 70 வயது வரை தள்ளிப்போட்டால், தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் தொகை 7 விழுக்காடு வரை கூடும். குடியுரிமையையோ நிரந்தரவாசத் தகுதியையோ துறந்து நிரந்தரமாக வெளியேறுபவர் சேமநிதி முழுவதையும் ஒரே தடவையில் எடுத்துக்கொள்ளலாம். மொத்தமாக வரும் பணம் கண்ணைக் கவரும் என்பது உண்மையே. ஆனால் 85 வயதிலும் 90 வயதிலும் மாதந்தோறும் தவறாமல் வரும் வருமானத்தை அதற்காக விட்டுக்கொடுப்பதைப் பெரும்பாலோருக்கு என்னால் பரிந்துரைக்க இயலாது. நிரந்தரவாசிகள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும்: மறுநுழைவு அனுமதி காலாவதியான நிலையில் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டால், அவர்கள் விரும்பாமலேயே அந்தத் தகுதி பறிபோகக்கூடும்.

சிங்கப்பூருக்கு வருமுன் இந்தியாவில் வேலை பார்த்தவர்கள் அந்தப் பழைய கணக்கை மறந்துவிடக்கூடாது. இரு நாடுகளுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாததால், இங்கே உழைத்த ஆண்டுகளை அங்குள்ள பணிக்காலத்துடன் கூட்டிக் காட்ட முடியாது. இந்தியத் தொழிலாளர் வருங்கால வைப்புநிதியின் ஓய்வூதியத் திட்டத்தில் பத்தாண்டுப் பணிக்காலம் நிறைந்திருந்தால், 58 வயதில் ஓய்வூதியம் கோரலாம். பத்தாண்டு நிறையாதவர்கள் அந்தத் தொகையை எடுத்துவிடாமல் பணிக்காலத்தைப் பதிவுசெய்யும் திட்டச் சான்றிதழைப் பெற்று வைத்துக்கொண்டால், பிற்பாடு இந்தியாவில் மீண்டும் வேலைக்குச் சேரும்போது பழைய பணிக்காலமும் கணக்கில் சேரும். வேலை அனுமதிச் சீட்டில் இங்கே பணிபுரியும் வெளிநாட்டவருக்கு மத்திய சேமநிதிச் சந்தா செலுத்தப்படுவதில்லை என்பதால், முதுமைக்கான பாதுகாப்பை அவர்களே தனியாகத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எனவே இந்தச் சான்றிதழ் அவர்களுக்கு இன்னும் முக்கியமானது.

இந்திய ஓய்வூதியம் பெற்றுக்கொண்டு பிள்ளைகளுடன் சிங்கப்பூரில் தங்கியிருக்கும் பெற்றோர் தாம் உயிருடன் இருப்பதை உறுதிப்படுத்தும் வாழ்வுச் சான்றிதழை ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். இந்தியத் தூதரகத்தில் அதற்கு ஏற்பாடு உண்டு.

புறப்படுமுன், சிங்கப்பூர் அரசுச் சேவைகளை இணையத்தில் பெற உதவும் அடையாளச் செயலியான சிங்பாஸில் உள்ள கைப்பேசி எண்ணையும் முகவரியையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்; இங்குள்ள எண்ணை முன்கூட்டியே துண்டித்துவிட்டால் பின்னர் எல்லாமே சிக்கலாகிவிடும். இந்தியாவில் வரி எப்படி விதிக்கப்படும் என்பதை அங்குள்ள ஆடிட்டரிடம் முன்னதாகவே கேட்டறிவது நல்லது. சேமநிதிப் பணம் உயிலுக்குள் அடங்காது. நமக்குப் பின் அது யாருக்குச் சேர வேண்டும் என்று தனியாக நியமனம் செய்ய வேண்டும். முன்பு செய்த நியமனம் திருமணத்தால் ரத்தாகிவிடும் என்பதால், அதன்பின் புதிதாகச் செய்தோமா என்பதை ஊரிலிருந்து அலையாமல் இங்கேயே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.