தத்தெடுக்கச் சபையில் பணம் சேர்ப்பது எப்படி?

எங்கள் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. நான் திருப்பூர் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கி, ஓவர்லாக் அடிப்பவள், வீட்டுக்காரர் கட்டிங். "பணத்துக்கு என்னங்க பண்ணுனீங்க?" என்று ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் இதுவரை மூன்று ஜோடிகள் கேட்டுவிட்டார்கள். அவர்களிடம் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. முதலில் கணக்கு

கோபுரம் கட்டுகிறவன் செலவை முன்கூட்டியே கணக்குப் பார்க்க வேண்டும் என்று லூக்கா 14-ல் இருக்கிறதல்லவா, அதிலிருந்து தொடங்குங்கள். 'காரா' எனப்படும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையதளத்தில் பதிய வேண்டும். 2022 விதிமுறைப்படி பதிவுக்கும் வீட்டு ஆய்வுக்கும் 6,000 ரூபாய். பிள்ளையை வளர்த்த தத்து நிறுவனத்துக்கு 50,000. பிறகு இரண்டு வருஷத்தில் நான்கு முறை வந்து பார்ப்பார்கள், தடவைக்கு 2,000. ஆக 64,000. கட்டும் முன் இணையதளத்தில் கட்டணப் பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் வராத செலவுதான் பெரிசு. வேறு மாநிலத்தில் பிள்ளை அமைந்தால் ரயிலும் லாட்ஜும். அதைவிட, பீஸ் ரேட்டில் இருப்பவள் நாலு மாதம் வீட்டிலிருந்தால் நாலு மாதமும் சம்பளம் இல்லை. நாங்கள் சேர்த்ததில் பாதிக்கு மேல் இதற்காகத்தான்.

2. காத்திருக்கும் காலத்திலேயே சேருங்கள்

சின்னப் பிள்ளை வேண்டுமென்றால் மூன்று வருஷத்துக்கு மேல் காத்திருப்பது சகஜம். அதுவரை ஜெபத்தோடு ஆர்.டி.யும் நடக்கட்டும். மாதம் 2,000 வீதம் 36 மாதம் கட்டினால் 72,000, வட்டி தனி. கட்டணம் அதிலேயே முடிந்துவிடும். ஏலச்சீட்டில் போடாதீர்கள், அவசரத்துக்குத் தள்ளி எடுத்தால் கைக்கு வருவது குறையும்.

3. எதற்குப் பணம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்

அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டு வரும் பணம் சபைக்கு உரியது. உங்களுக்குத் தனி மேஜை வேண்டுமானால் கமிட்டியில் முன்பே கேட்டு, ஆயரை அறிவிக்கச் சொல்லுங்கள். எங்கள் மேஜையில் முறுக்கு, தேங்காய், செகண்ட்ஸ் பனியன், ஒரு பரங்கிக்காய். பரங்கிக்காய் "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று 1,100 வரை போனது. எடுத்தவர் அதை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். மறுபடி ஏலம் விட்டோம்.

அங்கேதான் ஒரு ஆத்தா கேட்டார்: "ஏனம்மிணி, புள்ளைய எத்தனைக்கு வாங்கப் போறீங்?"

"புள்ளைக்கு வெல இல்லீங் ஆத்தா. இது கவர்மெண்டு பீஸுங்."

சுற்றி நின்ற யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அதே சந்தேகம் இருந்திருக்கிறது. அதனால் மேஜையில் கட்டண விவரத்தைப் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். "ஆஸ்பத்திரியில ஒரு கொழந்தை இருக்கு, மூணு லட்சம்" என்று யாராவது வந்தால் பேச்சே வேண்டாம். 2015 சிறார் நீதிச் சட்டப்படி பிள்ளையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்து வருஷம் வரை சிறை. குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லிவிடுங்கள்.

வக்கீல் பீஸ் வேண்டாமா என்றும் கேட்பார்கள். 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணையைத் தருவது கோர்ட் அல்ல, கலெக்டர்.

(ரோமர் 8-ல் 'புத்திர சுவிகாரம்', அதாவது தத்து, என்று தலைமுறை தலைமுறையாக வாசித்தவர்கள் நாம். ஆனால் 1890 சட்டம் கிறிஸ்தவர்களைக் கார்டியனாக மட்டும்தான் விட்டது. 2000-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் வந்த பிறகுதான் தாய் தகப்பனானோம்.)

4. மொய் நோட்டு இரண்டு

தனி வங்கிக் கணக்கு, கமிட்டியில் ஒருவரும் பார்க்கும்படி நோட்டு. உறவுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. காரணம் வருமான வரி. உறவல்லாதவர்களிடம் ஒரு நிதியாண்டில் வாங்கியது 50,000 தாண்டினால் முழுத் தொகையும் வருமானமாகிவிடும். அண்ணன், அக்கா, மாமா, சித்தி உறவுதான். சித்தப்பா மகன் சட்டத்துக்கு உறவில்லை! நாங்கள் இதைப் பாதியில்தான் தெரிந்துகொண்டு, இரண்டு பேரிடம் "ஏப்ரலுக்கு அப்புறம் குடுங்க" என்று கேட்க வேண்டியதாயிற்று.

5. படம் போடாதீர்கள்

பிள்ளையின் படம் வந்ததும் கை துறுதுறுக்கும். ஸ்டேட்டஸிலும் நோட்டீஸிலும் வேண்டாம். பராமரிப்பில் இருக்கும் பிள்ளையின் பெயர், படம் வெளியிடுவது குற்றம். தவிர, பணம் கொடுத்தவர்கள் நாளைக்கு அவளை நிறுத்தி வைத்து, "உனக்கு நாங்கதான்..." என்று தொடங்கக்கூடாது. எங்கள் நோட்டு இப்போது ஆயரிடம் இருக்கிறது, வீட்டில் இல்லை.

6. மிச்சம்

எங்களுக்கு 6,200 மிஞ்சியது. கணக்கைக் கமிட்டியில் வாசித்து, கொடுத்தவர்களைக் கேட்டு, அடுத்துப் பதியவிருந்த ஜோடிக்குப் பதிவுக் கட்டணமாகக் கொடுத்தோம். அவர்கள் யாரென்று சபையில் சொல்லவில்லை.